ஓத்து, படலம், பிண்டம்: வலைப்பக்கத்தைப் பகுக்கும் பயிற்சியும் அதன் தமிழ் முன்கதையும்

கணினித் தமிழ் ஒரு பாடமாகத் தமிழ்த்துறைகளுக்குள் நுழைந்தபின், இலக்கிய மாணவர் கணிப்பொறி ஆய்வகத்தில் செய்யும் முதற்பயிற்சிகளுள் ஒன்று வலைப்பக்கம் அமைப்பது. ஒரு பக்க அளவில் ஏதேனும் ஒரு பனுவலைக் கையில் கொடுத்து, அதற்கு எச்.டி.எம்.எல். குறிகளை இடச் சொல்வோம். தலைப்பு எது, உட்தலைப்பு எது, பத்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது பட்டியல், எது மேற்கோள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பெயரைச் சூட்ட வேண்டும். விருத்தாசலம் போன்ற ஊரின் மாணவர்கள் இதை அரைமணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். திரையில் பக்கம் அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: தலைப்புக்குத் தலைப்பென்று பெயரிடாமல் எழுத்தைத் தடிப்பாக்கியிருப்பார்கள், பத்திக்குப் பத்தியென்று பெயரிடாமல் இரண்டு முறை வரியை முறித்திருப்பார்கள், பட்டியலுக்குப் பட்டியலென்று சொல்லாமல் எண்களைக் கையால் தட்டியிருப்பார்கள்.

கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபோது இதிலென்ன குற்றம் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான விடையைக் கணிப்பொறிப் புத்தகங்களைவிடத் தமிழ் நூல்களின் வரலாற்றில் தெளிவாகக் காட்டலாம் என்பது என் எண்ணம். ஒரு பனுவலின் பகுதிகளுக்குப் பெயரிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நம்மைப்போல் பட்டறிந்த மொழியினர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

1. ஏட்டில் இருந்த அமைப்பு

நூல் என்பது பகுதிகளால் ஆனது, பகுதிகள் ஒன்றனுள் ஒன்றாக அடங்குபவை என்ற கருத்து நமக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் உறுப்புகளை நான்காக வகுக்கிறது: சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம். சூத்திரம் மிகச் சிறிய அலகு. ஓரினமான மணிகளை வரிசையாகக் கோத்தாற்போல ஓரினப் பொருளை ஓரிடத்தில் வைப்பது ஓத்து. பலவகைப் பொருள்கள் விரவி வருவது படலம். இம்மூன்றையும் தன்னுள் அடக்கி நிற்பது பிண்டம். நன்னூலும் தன் பொதுப்பாயிரத்தில் ஓத்துக்கும் படலத்துக்கும் இலக்கணம் சொல்லி, நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் முப்பத்திரண்டு உத்திகளையும் கூறுகிறது. தொல்காப்பியமே மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல், ஆக இருபத்தேழு இயல் என்று கட்டப்பட்ட நூல். வலைப்பக்கத்தில் முதல்நிலைத் தலைப்பு, அதனுள் இரண்டாம்நிலை, அதனுள் மூன்றாம்நிலை என்று மாணவர் கற்பதும் இந்த அடக்கமுறையைத்தான்.

ஆனால் அமைப்பு ஆசிரியன் உள்ளத்தில் இருப்பது வேறு, எழுதப்பட்ட பரப்பில் கண்ணுக்குத் தெரிவது வேறு. பனையோலை இடத்தைச் சிக்கனமாகச் செலவிடச் சொல்லும் பொருள். அதில் பத்திக்கு இடைவெளி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. செய்யுளைக்கூட அடி அடியாக மடக்கி எழுதும் வழக்கம் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதும் அரிது. இத்தனையும் இல்லாமல் பழையவர்கள் எப்படிப் படித்தார்கள்? எங்கே எது முடிகிறது என்பதை யாப்பும் மனப்பாடமும் ஆசிரியரின் வாயும் சொல்லிக் கொடுத்தன. அமைப்பு ஓலையில் இருந்ததைவிடப் படிப்பவரிடத்தில் அதிகம் இருந்தது.

கல்வெட்டிலும் இதே நிலைதான். எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயில், திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடிய தலம், பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்தது. சோழர் காலக் கல்வெட்டு எதையும்போல் இங்குள்ளவையும் கல்லின் இணைப்புகளைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. இருந்தும் பயின்ற கண் தடுமாறுவதில்லை. மங்கலச் சொல் வந்தால் தொடக்கம். அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் வந்தால் காலம். பின்னர் ஊர், கொடையாளி, கொடைப்பொருள், நில எல்லை. இறுதியில் பன்மாகேசுவரர் இதைக் காப்பாராக என்ற வாய்பாடு. இடைவெளி செய்யவேண்டிய வேலையை வாய்பாட்டுச் சொற்கள் செய்கின்றன. பகுதிகளுக்குப் பெயர் உண்டு, தோற்றத்தில்தான் வேறுபாடு இல்லை. இன்றைய மாணவர் செய்யும் பக்கம் இதற்கு நேர் எதிரானது. அங்கே தோற்றத்தில் வேறுபாடு உண்டு, பகுதிகளுக்குப் பெயர் இல்லை.

2. மூலம் எது, உரை எது?

மனப்பாட மரபு அறுந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பு வரலாறு சான்று. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சங்க இலக்கிய ஏடுகளைக் கையிலெடுத்தபோது, அவற்றைப் பாடம் சொல்லும் மரபு பெரும்பாலும் நின்றுபோயிருந்தது. எழுத்துகள் இருந்தன, பகுதிகளைச் சொல்லித்தர ஆள் இல்லை. ஐயர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது பட்ட பாட்டை அவருடைய தன்வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். உரையும் மூலமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் ஏடுகளில் எது பாட்டு, எது நச்சினார்க்கினியர் வாக்கு என்று பிரித்துக் காண்பதே பெருவேலையாக இருந்தது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கிச் சொல்லும் பகுதியில் சில அடிகள் கிடைக்காமல் அலைந்து, தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார்.

ஐயர் செய்ததை இன்றைய சொல்லில் சொன்னால், பெயரற்றுக் கிடந்த பனுவலுக்குக் குறியிட்டார் என்று சொல்லலாம். மூலத்தை ஓரளவு எழுத்திலும் உரையை வேறளவு எழுத்திலும் அச்சிட்டார். பாடவேறுபாட்டை அடிக்குறிப்பாக்கினார். நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி என்று பகுதிகள் சேர்த்தார். 1894-இல் வந்த புறநானூற்றில் பாட்டு, திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. அதனால்தான் பின்வந்த ஆராய்ச்சியாளர், அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவை எவை, வாகைத்திணைப் பாட்டுகள் எவை என்று எளிதில் தொகுக்க முடிந்தது. பகுதிக்குப் பெயரிட்டால் பகுதியைத் தனியே எடுக்கலாம். இதுதான் அமைப்பின் பயன்.

ஐயருக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்களும் உண்டு. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் எழுந்தது. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. சொல்லைத் தேட வேண்டுமானால் சூத்திரத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முனிவர் அவற்றிலிருந்த சொற்களை உதிர்த்து, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாக்கி, அகரவரிசையில் நிறுத்தினார். உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான். அமைப்பு மாறியதும் பயன்பாடே மாறிவிட்டது. உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பரவலாக்கிய ஆறுமுக நாவலரையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி ஆகியவை பொருளின் எல்லையைக் கண்ணுக்குக் காட்டும் குறிகள்.

3. ஜெனீவா ஏரிக்கரையில்

மேலைநாட்டில் கணிப்பொறிக்குள் ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கியபோதும் இதே சிக்கல் எழுந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் 1969-இல் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் சட்ட ஆவணங்களுக்காக ஒரு குறிமொழியை உருவாக்கினர். அதன் அடிப்படை எண்ணம் எளிது: ஒரு பகுதி எப்படித் தோன்ற வேண்டும் என்று எழுதாதே, அது என்ன என்று எழுது, தோற்றத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். இதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் பன்னாட்டுத் தரமானது.

ஜெனீவாவுக்கு அருகே, செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் தம் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991-இல் அவர் வெளியிட்ட எச்.டி.எம்.எல். குறிகளின் பட்டியலில் ஏறக்குறைய இருபது குறிகளே இருந்தன. தலைப்புகளுக்கு ஆறு நிலை, பத்தி, பட்டியல், முகவரி, சொல்லும் விளக்கமும் இணையாக வரும் சொற்பொருள் பட்டியல், பிற பக்கத்துக்கு இணைப்பு ஆகியவை அதில் அடக்கம். நிறமோ எழுத்தின் வடிவமோ பேசும் குறி கிடையாது. இன்னொரு சிறு செய்தி நமக்குச் சுவையாக இருக்கும். அந்தத் தொடக்க காலத்தில் பத்திக்குரிய பி என்ற குறி இரண்டு பத்திகளுக்கு நடுவே இடும் வெறும் பிரிப்புக்குறியாகவே இருந்தது, நம் ஏடுகளில் பகுதி முடிவில் இடும் சுழியைப்போல. 1995-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது பத்தி முழுவதையும் உள்ளடக்கும் கலமாகத் தெளிவுபெற்றது.

பிறகு வணிகம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி, எழுத்துருவையும் அளவையும் நிறத்தையும் பக்கத்துக்குள்ளேயே எழுதும் ஃபாண்ட் என்ற குறியைப் புகுத்தியது. 1997 தொடக்கத்தில் வந்த 3.2 பதிப்பு அதைத் தரத்துக்குள் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 4.0 பதிப்பு அதை விலக்கத்தக்கது என்று ஒதுக்கியது. தோற்றத்துக்கென்று சி.எஸ்.எஸ். என்ற தனிமொழி 1996 டிசம்பரிலேயே தரமாகியிருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் பழகிய கை பழகியதுதான். தமிழ் இணையத்துக்குள் நுழைந்ததும் சரியாக அந்தக் காலத்தில்தான்.

4. எழுத்துருக் காலம்

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995-இல் தமிழ் வலையேறியது. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று ஆளுக்கொரு திசையில் உழைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், ஒவ்வோர் எழுத்துருவும் ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின் மீது தமிழ் வடிவங்களைத் தனக்குத் தோன்றியபடி உட்கார வைத்திருந்தது. அந்த எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் கொம்பும் கோடும் முளைத்த ரோமன் எழுத்துகள் தெரியும். ஆகவே தமிழ்ப் பக்கம் செய்தவர்களுக்கு ஃபாண்ட் குறி அலங்காரமாக இருக்கவில்லை, உயிர்மூச்சாக இருந்தது. ஒவ்வொரு பத்தியையும் அந்தக் குறிக்குள் பொதிந்தால்தான் அது தமிழாகத் தெரியும். தமிழன் கற்ற முதல் எச்.டி.எம்.எல். பாடமே தோற்றத்தை எழுதும் பாடமாக அமைந்துவிட்டது. இன்றைய மாணவரின் தடித்த எழுத்துத் தலைப்புக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு.

1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றன. மடற்குழுக்களில் விவாதித்து உருவான திஸ்கி ஒருபுறம், தமிழக அரசு 1999-இல் ஏற்ற தாப், தாம் குறியேற்றங்கள் மறுபுறம் என்று பத்துப் பதினைந்து வழிகள் இரண்டு மூன்றாகக் குறைந்தன. இறுதியில் நிலைத்தது யுனிகோட். 1991-இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது என்றாலும், 2000-க்குப் பின் இயங்குதளங்கள் அதை ஏற்ற பிறகுதான் நம் கைக்கு வந்தது.

திஸ்கிக்கும் யுனிகோடுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை வகுப்பில் நான் தவறாமல் சொல்வதுண்டு. 'கெ' என்ற எழுத்தைத் திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் கொம்பு, பிறகு ககரம். யுனிகோட் ஒலியின் வரிசையில் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு எகர உயிரின் குறி. கொம்பை இடப்பக்கம் வரைவது திரையின் பொறுப்பு. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் சொன்ன இலக்கணம். எழுதும் வரிசை வேறாக இருந்தாலும் இலக்கண வரிசையைத்தான் அவர் கொண்டார். தோற்றத்தைச் சேமிப்பதா, இயல்பைச் சேமிப்பதா என்ற அதே கேள்வி ஓரெழுத்தின் அளவிலும் இருக்கிறது, ஒரு பக்கத்தின் அளவிலும் இருக்கிறது. எழுத்தின் அளவில் தமிழுலகம் பத்தாண்டுகள் சண்டையிட்டுச் சரியான பக்கம் வந்து சேர்ந்தது. பக்கத்தின் அளவில் அத்தகைய சண்டை நடக்கவே இல்லை. ஆகவே தீரவும் இல்லை.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அவர் பணிபுரிந்த லோசான் நகரும் வலை பிறந்த ஜெனீவாவும் ஒரே ஏரியின் கரையில் இருப்பவை. அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். முகமறியாத தன்னார்வலர்கள் பல நாடுகளில் அமர்ந்து, கூலி வாங்காமல் திருக்குறள் தொடங்கி நூற்றுக்கணக்கான நூல்களைத் தட்டச்சிட்டார்கள். இன்று சங்க இலக்கியத்தை வீட்டிலிருந்தே தேடிப் படிக்கிறோம் என்றால் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் தொடங்க முடியாது. திட்டம் குறியேற்றம் மாற மாற நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தது. அதனால் அந்த நூல்கள் பிழைத்தன. அதே காலத்தில் தனியாட்கள் இலவச இடங்களில் வைத்திருந்த எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள், எழுத்துரு தொலைந்தும், 2009-இல் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டதைப் போன்ற நிகழ்வுகளிலும் போய்விட்டன. பனையோலைக்குச் செல் அரித்ததுபோல் இதுவும் ஓர் அழிவு. ஆனால் செல்லரிக்க நூறு ஆண்டு ஆகும், இதற்குப் பத்தாண்டே போதுமானதாயிற்று.

5. மூன்று பயிற்சிகள்

பகுதிகளுக்குப் பெயரிடுவது எளிய வேலை என்று நினைப்பவர்களுக்காக, தமிழ் மாணவர்க்கு ஏற்ற மூன்று பயிற்சிகளை இங்கே தருகிறேன். மூன்றும் தொடக்கநிலைப் பயிற்சிகள்தான்.

முதலாவது, திருக்குறள். நூலின் பெயர் முதல்நிலைத் தலைப்பு. அறம், பொருள், காமம் ஆகிய பால்கள் இரண்டாம் நிலை. அதிகாரம் 133-உம் அடுத்த நிலை. ஒவ்வோர் அதிகாரத்திலும் பத்துக் குறள் எண்ணிட்ட பட்டியல். இதுவரை இடரில்லை. பாலுக்கும் அதிகாரத்துக்கும் நடுவே இயல் என்ற நிலையைச் சேர்ப்பதா? பரிமேலழகர் பொருட்பாலை அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 என்று பகுப்பார். மேலும் பல இயல்களாகப் பிரிப்பாரும் உளர். குறள்களின் வரிசையும் மணக்குடவர் உரையில் வேறு, பரிமேலழகர் உரையில் வேறு. ஆகவே ஒரு தலைப்புக் குறியை இடும்போதே மாணவர் ஓர் உரையாசிரியரின் பக்கம் சேர்ந்துவிடுகிறார். எண்ணிலும் நுட்பம் உண்டு. எண்ணிட்ட பட்டியல் ஒவ்வோர் அதிகாரத்திலும் ஒன்றிலிருந்து தொடங்கும். கல்வி என்னும் நாற்பதாம் அதிகாரம் 391-இல் தொடங்க வேண்டுமென்றால், தொடக்க எண்ணைப் பட்டியலிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் பத்துக் குறளுக்கும் உலாவியே எண் இட்டுக்கொள்ளும். கையால் தட்டிய எண்கள் எழுத்துகள் மட்டுமே. வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றையும் திரும்பத் தட்ட வேண்டும்.

இரண்டாவது, நிகண்டும் அகராதியும். சொல்லும் பொருளும் இணைந்து வரும் பகுதிக்கென்றே 1991-இலிருந்து ஒரு பட்டியல் வகை இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பல பொருள், பல சொல்லுக்கு ஒரு பொருள் ஆகிய இரண்டையும் அது தாங்கும். சதுரகராதியின் பெயர்ப் பகுப்பு முதல்வகை, பொருட் பகுப்பு இரண்டாம் வகை. மாணவர் பத்துச் சொற்களை இரண்டு வகையிலும் அமைத்துப் பார்த்தால் வீரமாமுனிவர் செய்த வேலையின் அருமை விளங்கும். இதையே கட்டங்கள் கொண்ட அட்டவணையாகவும் செய்யலாம், பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அட்டவணை, நிரை நிரலாக ஒப்பிட வேண்டிய செய்திக்கு உரியது.

மூன்றாவது, குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பகுதி. அதிலுள்ள தொண்ணூற்றொன்பது பூக்களும் பட்டியல்தானே என்று மாணவர் உடனே பட்டியல் குறியை இடுவார். இட்டவுடன் கபிலரின் ஆசிரியப்பா சிதறிப்போகும். செய்யுளில் அடி என்பதே ஓர் உறுப்பு. ஆகவே வரியை முறிக்கும் பிஆர் குறி இங்கே குற்றமில்லை. பாட்டுக்கும் முகவரிக்கும் உரியது அது என்றே தரநூல் சொல்கிறது. பத்தியைப் பிரிக்க அதைப் பயன்படுத்துவதுதான் பிழை. அப்படியானால் பூக்களின் பட்டியல்? அதைப் பாட்டின் கீழே பதிப்பாசிரியர் சேர்க்கும் தனிப்பகுதியாக வைக்கலாம். ஒரே பனுவலுக்கு யாப்பு வழி ஓர் அமைப்பு, பொருள் வழி ஓர் அமைப்பு என்று இரண்டு உண்டு. சீரின் எல்லை சொல்லின் நடுவே விழும், அடியின் எல்லை வாக்கியத்தின் நடுவே விழும். ஒன்றனுள் ஒன்று முழுதாக அடங்க வேண்டும் என்று கேட்கும் குறிமொழியால் இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல இயலாது. இலக்கியப் பனுவல்களுக்கென 1987-இல் தொடங்கிய டி.இ.ஐ. என்ற பன்னாட்டு முயற்சி, செய்யுளடிக்கும் பாவின் தொகுதிக்கும் தனிக்குறிகளை வகுத்தது. ஆயினும் இந்தக் குறுக்குவெட்டுச் சிக்கல் அங்கும் எளிதில் தீர்வதாக இல்லை. நச்சினார்க்கினியர் பாட்டின் அடிகளை மாட்டு என்று சொல்லித் தொலைவிலிருந்து இழுத்துப் பொருத்திப் பொருள் கொண்டதை நினைத்தால், நமக்கு இது பழைய தலைவலிதான் என்று தோன்றுகிறது.

6. மண்ணும் பூச்சும்

எங்கள் ஊரில் இதை விளக்க நல்ல உவமை ஒன்று கையருகே இருக்கிறது. பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் செய்யும் பட்டறைகளின் ஊர் இது; பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உண்டு. கூழாகக் கரைத்த களிமண்ணைச் சுண்ண அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் சுவராகப் படியும். மிஞ்சியதை வடித்துவிட்டு, பிறகு உலர்த்திச் சூளையில் வைப்பார்கள். நிறமும் பளபளப்பும் தரும் பூச்சு அதற்குப் பிறகுதான். மண் சரியாகக் கூடாத பாத்திரத்தைப் பூச்சு காப்பாற்றாது, சூளையில் விரிந்துவிடும். எச்.டி.எம்.எல். மண், சி.எஸ்.எஸ். பூச்சு என்று சொன்னால் எங்கள் மாணவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஒரே அச்சில் வார்த்ததற்கு எத்தனை நிறமும் கொடுக்கலாம். நிறத்தை வைத்து வடிவத்தை மாற்ற முடியாது.

பூச்சை மட்டும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்றேன். பூச்சைப் பார்க்கவே இயலாதவர் ஒருவர் இருக்கிறார். தமிழ் இலக்கிய வகுப்புகளில் பார்வையற்ற மாணவர்கள் கணிசமாகப் படிக்கிறார்கள் என்பது ஆசிரியர்கள் அறிந்தது. அவர்கள் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு படிக்கிறார்கள். அதில் ஒரு விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். தலைப்பு, தலைப்பென்று பெயர் பெற்றிருந்தால்தான் தாவும். தடித்த எழுத்து அந்த மென்பொருளுக்குத் தலைப்பன்று. குறியிட்ட திருக்குறளில் நட்பு அதிகாரத்துக்கு அவர் சில நொடிகளில் போய்விடுவார். குறியிடாத திருக்குறளில் கடவுள் வாழ்த்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் குறியிலேயே சொல்லிவைத்தால், அந்த மென்பொருள் தமிழ்க் குரலுக்குத் தானே மாறவும் வழியுண்டு. இரண்டெழுத்து வேலை அது. நம் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

இன்று எச்.டி.எம்.எல். பெரிதும் வளர்ந்திருக்கிறது. 2014-இல் தரமான ஐந்தாம் பதிப்பு கட்டுரை, பகுதி, முகப்பு, அடிப்பகுதி ஆகியவற்றுக்கும் பெயர்கள் தந்துவிட்டது. ஏறக்குறைய பிண்டமும் படலமும் ஓத்தும் வந்துவிட்டன. தமிழில் கற்பதற்கும் வழி இருக்கிறது. கணியம் இதழைச் சார்ந்தவர்கள் எளிய தமிழில் எழுதி இலவசமாக வெளியிட்ட கணிநுட்ப நூல்கள் மாணவர்க்குப் பெருந்துணை. ஆகவே கருவியும் கையேடும் இல்லை என்று சொல்வதற்கில்லை.

இல்லாதது, இது தமிழாசிரியரின் வேலை என்ற எண்ணம். வலைப்பக்கம் செய்வது கணிப்பொறித் துறையின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அவர்களுக்குக் குறி தெரியும், ஆனால் புறநானூற்றுப் பாட்டின் கீழுள்ள வரிகளில் எது திணை, எது துறை, எது கொளு என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்கு அது தெரியும், குறி தெரியாது. இரண்டில் எளிதில் கற்கக்கூடியது குறிதான். ஒரு வாரம் போதும். நண்பர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு பழைய நூலை, சிற்றிதழ்க் கட்டுரையை, உரிமைச் சிக்கலில்லாத ஒரு கதையைத் தட்டச்சிட்டு ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எங்கள் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்ட சொ. விருத்தாசலத்தின், அதாவது புதுமைப்பித்தனின் படைப்புகளும் 2002-இல் நாட்டுடைமையாயின. அடுத்த முறை அப்படி ஏற்றும்போது கதையின் பெயர், முதலில் வெளியான இதழ், ஆண்டு, பத்திகள், கதைக்குள் வரும் கடிதம் ஆகிய ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் குறித்துவிடுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். பின்னொரு காலத்தில் நம் பக்கங்களைத் திறந்து பார்ப்பவர், மூலம் எது உரை எது என்று பத்துப்பாட்டு ஏட்டின் முன்னால் ஐயர் உட்கார்ந்ததுபோல் உட்கார வேண்டியிராது.